நுண்துகள் மாசு (பிஎம் 2.5)

காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள திண்ம, திரவத் துகள்கள். டீசல் வண்டி, அனல்மின் நிலையம், செங்கல் சூளை, வயல்தாள் எரிப்பு ஆகியவை நேரடி மூலங்கள். கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அம்மோனியாவுடன் வினைபுரிந்து காற்றிலேயே துகள்களாவதும் உண்டு. புகைபோக்கியை மட்டும் அளந்தால் இவை கணக்கில் வராது. விறகடுப்பின் முன் குனிந்து ஊதுகுழல் ஊதும் பெண்ணின் மூச்சில் ஏறுவதும் இதுவே. வீட்டுப் புகைதானே என்று இதை ஒதுக்குவது பெருந்தவறு.

மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் காற்றுநுண்ணறை வரை செல்லும் இத்துகள்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கு வழிகோலுகின்றன. உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டலில் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியா 2009-இல் வகுத்த வரம்பு 40.