அனுபானத்தின் நவீன வரலாறு

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்றொரு கலைச்சொல் உண்டு. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதா, நெய்யிலா, பாலிலா, வெந்நீரிலா என்பதை நோயையும் நோயாளியையும் பார்த்து வைத்தியர் முடிவு செய்வார். மருந்து ஒன்றே, அது ஏறிச் செல்லும் ஊர்தி வேறு. பூஞ்சைக்கு எதிரான மருந்துகளின் வரலாற்றைப் புரட்டினால், அதன் பெரும்பகுதி புதிய மருந்தைத் தேடிய கதையன்று, தக்க அனுபானத்தைத் தேடிய கதையே என்று தோன்றுகிறது. நம் முன்னோர் நானோ தொழில்நுட்பத்தை அறிந்திருந்தனர் என்று நிறுவுவது என் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் இணையத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. ஒரு பழஞ்சொல், புதிய வரலாறு ஒன்றை விளங்கிக்கொள்ள உதவுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

போடிநாயக்கனூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் முதல் அத்தியாயம் மலைமேலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓயாது பெய்யும் மாதங்களில் ஏலக்காய்கள் நிறம் மங்கி, அழுகி உதிரும். இந்நோய்க்கு அழுகல் என்றே பெயர். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளும் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆளுகின்றன. நோய்க்குக் காரணமான பைட்டாப்தோரா பூஞ்சையைப் போன்றதே தவிர, இன்றைய வகைப்பாட்டின்படி உண்மையான பூஞ்சையன்று. எனினும் அதற்கும் பூஞ்சைக்கொல்லியே தெளிக்கப்படுகிறது. அவற்றுள் மூத்தது போர்டோ கலவை.

பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் வழக்கம் இருந்தது. அக்கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பியதைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் அக்கலவையின் செய்முறையை வெளியிட்டார். இதில் பூஞ்சையைக் கொல்வது மயில்துத்தத்திலுள்ள தாமிரம். அப்படியானால் சுண்ணாம்பு எதற்கு? தனித் துத்தக் கரைசல் நோயோடு இலையையும் கருக்கிவிடும். சுண்ணாம்பு அதன் அமிலத்தன்மையை முறித்து, தாமிரத்தை எளிதில் கரையாத வடிவில் இலைமேல் ஒட்ட வைக்கிறது. நஞ்சு சிறிது சிறிதாகவே வெளிப்படுகிறது. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்து, செம்பு படிகிறதா என்று பார்த்து, படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கும் வழக்கத்தின் பொருள் இதுதான். மருந்தின் மூர்க்கத்தை ஊர்தி அடக்குகிறது.

மனித உடலுக்குள் புகும் பூஞ்சையிடம் இதே சிக்கல் பன்மடங்கு கடுமையாகிறது. பாக்டீரியாவின் உயிரணு அமைப்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம் விலகியது. பூஞ்சையினுடையதோ நமக்கு நெருங்கிய உறவு. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகள் மண்ணுயிரி ஒன்றிலிருந்து நிஸ்டாட்டின் மருந்தைப் பிரித்தறிந்தனர். அதே பத்தாண்டின் நடுவில், வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து ஆம்போடெரிசின்-பி கிடைத்தது. பூஞ்சையின் உயிரணுச் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அச்சவ்வைச் சிதைப்பது இதன் வேலை. நம் சவ்வுகளில் இருக்கும் கொலஸ்டிராலோ எர்கோஸ்டெராலின் ஒன்றுவிட்ட சகோதரன். மருந்து சில வேளைகளில் ஆள்மாறிப் பிடித்துவிடும். நடுக்கத்துடன் காய்ச்சல் வரும், சிறுநீரகம் பழுதுபடும். உயிரைக் காக்க வேறு வழியில்லாததால் மருத்துவர்கள் பல்லாண்டுகள் இதையே அஞ்சி அஞ்சிக் கையாண்டனர்.

இந்தியாவும் இத்தேடலில் சும்மா இருக்கவில்லை. 1954-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பிம்ப்ரி ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில், திருமலாச்சார் தலைமையிலான ஆய்வாளர்கள் 1961-இல் ஹாமைசின் என்னும் பூஞ்சை எதிர்மருந்தை அறிவித்தனர். அடுத்து வந்த ஆரியோஃபங்கின் பயிர்நோய்களுக்கும் பயன்பட்டது. மனிதனுக்கும் பயிருக்கும் ஒரே கூரையின்கீழ் மருந்து தேடிய காலம் அது.

திருப்பம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1960-களில் இங்கிலாந்தின் அலெக் பேங்கம், பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பை நீரில் கலந்தால் அது தானாகவே நுண்குமிழ்களாகச் சுருண்டுகொள்வதைக் கண்டறிந்தார். இவையே லிப்போசோம்கள். மருந்தாகப் பயன்படும் குமிழ்களுள் சில 100 நானோமீட்டரினும் சிறியவை. நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நீரில் கரையாத ஆம்போடெரிசின் இக்குமிழின் கொழுப்புச் சுவரில் இயல்பாகப் பொருந்தி அமர்கிறது. சிறுநீரகத்தில் அதிகம் தங்காமல், நோயுற்ற திசுவை அடைந்து, பூஞ்சையைத் தொடும்போது அவிழ்கிறது. பழைய வடிவில் உடல் எடையின் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் கொடுப்பதற்கே தயங்கியவர்கள், புதிய வடிவில் 3 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுக்க முடிந்தது. மருந்து மாறவில்லை, அனுபானம் மாறியது.

இங்கே தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவரைச் சொல்லியாக வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை வளர்த்தெடுத்த விமல் குமார் பச்சாவத், 1962-இல் பட்நாகர் விருது பெற்றவர். கல்கத்தாவிலும் பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியபோது லிப்போசோம் ஆய்வில் இறங்கினார். பிம்ப்ரியின் ஹாமைசினையும் அவர் குழு லிப்போசோமில் ஏற்றி எலிகளில் சோதித்தது. அவர் குழு உருவாக்கிய லிப்போசோம் ஆம்போடெரிசின், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நீலிமா க்ஷீர்சாகர் குழுவினரால் நோயாளிகளிடம் ஆராயப்பட்டு, ஃபங்கிசோம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பச்சாவத் 1996-இல் மறைந்தார்.

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை என்று செய்தித்தாள்கள் அழைத்த மியூக்கார்மைக்கோசிஸ் பரவியது. அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். லிப்போசோம் மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு. மத்திய அரசு மாநிலங்களுக்கு அளந்து பங்கிட்டது. ஜூனில் அதன் மீதான வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. குடும்பங்கள் குப்பி குப்பியாகத் தேடி அலைந்தன. மருந்தை உள்நாட்டிலேயே உருவாக்கும் அறிவு நம்மிடம் இருந்தது. அரிதாக வரும் நோய்க்கான மருந்தைப் பெருமளவில் செய்து வைப்பதற்கான ஏற்பாடு இல்லை. அறிவியலின் தோல்வியாக இதைக் கருத முடியாது. விநியோகத்தின் தோல்வி இது.

இன்று தாமிரத்தையும் கைட்டோசானையும் நானோத் துகள்களாக்கிப் பயிர்நோய்களின்மேல் சோதிக்கும் ஆய்வுகள் பல நடக்கின்றன. குறைந்த மருந்தில் நிறைந்த பயன் என்பது அவற்றின் குறிக்கோள். ஆண்டுதோறும் தெளிக்கும் தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடுவதால், ஏலமலைக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தியன்று. ஆனால் அந்நுண்துகள் காயிலும் ஓடைநீரிலும் என்ன செய்யும் என்பதையும் அதே அக்கறையோடு ஆராய வேண்டும்.

குமிழுக்குள் மருந்தை ஏற்றுவதோடு அனுபானத்தின் கதை முடிவதில்லை. உற்பத்தி, விலை, மாவட்ட மருத்துவமனையின் குளிர்பெட்டி ஆகிய அனைத்தும் மருந்து நோயாளியை அடையும் ஊர்தியின் பகுதிகளே. பச்சாவத்தின் தலைமுறை முதற்பகுதியைச் செய்து கொடுத்துவிட்டது. மற்றவை இன்னும் நம் பொறுப்பில் இருக்கின்றன.