அத்தோக் கடைகளும் பர்மாத் தமிழரின் மீள்வரவும்

சென்னையிலிருந்து மேற்கே, சித்தூரைக் கடந்து பங்காருபாளையம் வழியாகப் பெங்களூர் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர்களில், மாலை நேரத்தில் இரும்புச் சட்டியில் நூடுல்ஸ் வதக்கும் தள்ளுவண்டியைக் காண்பது இன்று அரிதன்று. அச்சாலை புறப்படும் சென்னையிலோ, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தெருக்களில், வேறொரு நூடுல்ஸ் விற்கப்படுகிறது. அதன் மூல வடிவில் வதக்கும் வேலையே இல்லை. வேகவைத்த நூடுல்ஸோடு முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு தாளித்த எண்ணெய், மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைந்து தருகிறார்கள். அதன் பெயர் அத்தோ.

இவ்விரண்டையும் ‘ஃபாஸ்ட் புட்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் இரண்டின் வரலாறும் வேறு வேறு. தள்ளுவண்டி நூடுல்ஸ், கல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் சமையலிலிருந்து உணவகங்கள் வழியே நாடெங்கும் பரவியது. 1983இல் மேகி இந்தியச் சந்தைக்கு வந்தபின் வீட்டு அடுப்புக்கும் பழகியது. அத்தோவைக் கொண்டுவந்தவை எந்த நிறுவனமும் அல்ல, எந்த உணவகமும் அல்ல. 1960களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களே அதைக் கொண்டுவந்தன. ஆகவே அத்தோக் கடையின் வரலாற்றை உணவின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி வெளியேற்றத்தின் வரலாறு.

முதலில் சொற்களைக் கவனிக்கலாம். பர்மிய மொழியில் ‘அதோ’ என்பது கையால் கலந்து பிசைந்த உணவு எதற்கும் பொதுப்பெயர். தேயிலையைப் பிசைந்தாலும் இஞ்சியைப் பிசைந்தாலும் அது ‘தோ’தான். நூடுல்ஸைப் பிசைந்தால் ‘கௌசுவே தோ’. சென்னையில் ‘கௌசுவே’ என்ற சிறப்புப்பெயர் இந்தப் பண்டத்திலிருந்து உதிர்ந்து, பொதுப்பெயரே ஒரு தனிப்பண்டத்தின் பெயராக நிலைத்தது. அத்தோவின் மேல் நொறுக்கித் தூவப்படும் ‘பேஜோ’வும் இத்தகையதே: பர்மிய மொழியில் ‘பே’ என்பது பயறு வகை, ‘ஜோ’ என்பது பொரித்தது. பர்மாவில் மீன்குழம்பும் அரிசி நூடுல்ஸும் வாழைத்தண்டும் சேர்ந்த காலை உணவு மோஹிங்கா. சென்னையில் அதன் வாழைத்தண்டுச் சாறு தனியே பிரிந்து, அத்தோவுக்குத் துணையாகக் கிண்ணத்தில் வரும் ‘சூப்’ ஆயிற்று. ஙப்பி என்னும் நொதித்த மீன் விழுது பெரும்பாலான கடைகளில் இடம்பெறவில்லை. எலுமிச்சையும் புளியும் முன்னுக்கு வந்தன. ஒரு மொழியை விட்டு நீங்கியவர்கள் அதிலிருந்து எவற்றை எடுத்துக்கொண்டார்கள், எவற்றை விட்டுவிட்டார்கள் என்பதற்கு இத்தட்டே ஒரு சான்று.

அந்த மொழியோடு தமிழருக்கு ஏற்பட்ட உறவு நீண்டது. 1852இல் கீழ் பர்மாவும், 1885இன் மூன்றாம் போருக்குப் பின் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் வசமாயின. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூனுக்குச் செல்வது அதுவரை அயல்நாட்டுப் பயணமாகக் கருதப்படவில்லை. ஐராவதி வடிநிலத்தில் காடழித்து நெல் விளைவித்தபோது அதற்கு முதலும் உழைப்பும் பெருமளவில் சென்னை மாகாணத்திலிருந்து சென்றன. முதலைக் கொடுத்தோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். உழைப்பைக் கொடுத்தோர் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள்: அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர்கள், துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள், அறுவடைக் காலத்துக்கு மட்டும் கடல் கடந்து போய்த் திரும்பியவர்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் 10 இலட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரின் 4 இலட்சம் மக்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். அதாவது அந்நாட்டின் தலைநகரில் அந்நாட்டு மக்களே சிறுபான்மையர்.

இந்நிலை நீடிக்கக்கூடியதன்று. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் இடையே வேலை குறித்து எழுந்த பூசல் கலவரமாயிற்று. பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனுக்கு ஈடான நிலங்கள் செட்டியார் கைக்கு மாறின. 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு அவர்களுடையதாயிற்று. நிலமிழந்த பர்மிய உழவரின் சினம் பணக்காரரையும் கூலியையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. 1938இல் மீண்டும் கலவரம். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பல இலட்சம் இந்தியர் தப்பியோடினர்; கப்பலில் இடம் கிடைக்காதோர் மலைக்காடுகளின் வழியே நடந்தே வந்தனர்; வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பல்லாயிரவர்.

போருக்குப் பின் பலர் மீண்டும் பர்மா சென்றதே, அதை அவர்கள் பிழைப்பிடமாக மட்டும் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது. 1948இல் பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகள். அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. வங்கியில் இருந்த பணமும், கடையில் இருந்த சரக்கும், பெட்டியில் இருந்த நோட்டும் ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்தடுத்துப் பறிபோயின. நாட்டைவிட்டுச் செல்வோர் நகையையும் பணத்தையும் எடுத்துச் செல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல்கள் வந்தன. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்யப்பட்ட பர்மா மீள்வரவினர் ஏறத்தாழ 1.44 இலட்சம் பேர்.

இவர்களுக்கு அரசு ஆவணங்கள் இட்ட பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அச்சொல்லில் ஒரு முரண் உண்டு. கப்பலிலிருந்து இறங்கியோரில் கணிசமானோர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அவர்கள் திரும்பி வரவில்லை, முதன்முறையாக வந்தார்கள். அங்கே ‘கலா’ என்று விலக்கப்பட்டவர்கள் இங்கே ‘பர்மாக்காரர்’ ஆயினர். சிலர் இங்கு வாழ வழியின்றி நிலவழியே மீண்டும் பர்மாவுக்குச் செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டனர். அவ்வூரின் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் அந்தத் தடைபட்ட பயணத்தின் எச்சங்கள்.

சென்னையில் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியிருப்புகள் உருவாயின. 1969இல் துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் பர்மா பஜார் தோன்றியது. அதே ஆண்டில் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பட்டது. இன்று ‘ரெப்கோ’ என அறியப்படும் அவ்வங்கியில் மத்திய அரசோடு தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநில அரசுகளும் பங்குதாரர்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோரின் சுமை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு அந்தப் பங்கமைப்பே சாட்சி.

ஆனால் கடனும் குடியிருப்பும் எல்லாரையும் எட்டுவதற்கு முன்பே அடுப்பு எரிந்தாக வேண்டும். அத்தோ தொழிலாக மாறிய இடம் இதுதான். அதற்கு வேண்டிய முதல் மிகக் குறைவு: ஒரு பலகை, ஒரு பாத்திரம், சில கிண்ணங்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே பிசைந்து தருவதால் பெரிய அடுப்பும் வேண்டியதில்லை, அறையும் வேண்டியதில்லை. பகலில் வீட்டில் வெங்காயமும் பூண்டும் அரிந்து பொரிப்பது, பேஜோ சுடுவது, வாழைத்தண்டு நறுக்கிச் சாறு வைப்பது; மாலையில் நடைபாதையில் கடை விரிப்பது. கூலிக்கு ஆள் வைக்க இயலாத நிலையில் குடும்பம் முழுவதும் தொழிலாளர் ஆயிற்று. ‘பரம்பரைக் குடும்பக் கடை’ என்று இன்று பெருமையோடு சுட்டப்படும் அமைப்பு, மரபின் விளைவாகத் தோன்றியதைவிட முதலின்மையின் விளைவாகத் தோன்றியது என்பதே பொருந்தும்.

காலச்சூழலையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். போருக்கு முன் ஆண்டுக்கு 30 இலட்சம் டன் அளவுக்கு அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. சென்னை மாகாணமும் அந்த அரிசியை உண்டது. 1960களின் நடுவில் தமிழ்நாடு கடும் அரிசித் தட்டுப்பாட்டில் இருந்தது. 1967 தேர்தலில் அரிசி விலையே பெரும் பிரச்சினை. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமை நாட்டின் பற்றாக்குறையை ஈடுகட்டியது. அரிசி அரிதாயிருந்த நகரில் கோதுமை மாவால் ஆன ஒரு மாலை உணவு இடம் பிடித்ததை இப்பின்னணியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். இடியாப்பத்தையும் சேவையையும் முன்பே அறிந்த நாவுக்கு இழையுணவு முற்றிலும் அயலாகவும் இருக்கவில்லை.

தென்கிழக்காசியாவின் பிற நூடுல்ஸ் கடைகளோடு ஒப்பிட்டால் அத்தோவின் தனித்தன்மை தெளிவாகும். தாய்லாந்தின் சிறுநகரங்களில் தலைமுறைகளாக நடக்கும் குவய்தியாவ் கடைகள் பெரும்பாலும் தெற்குச் சீனத்துத் தியோச்சூ குடியேறிகளின் வழிவந்தவை. அப்பெயரே சீன வழக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபூன் சொங்க்ராம் அரசு நூடுல்ஸ் உண்பதை நாட்டுப்பற்றாகவே பரப்புரை செய்தது. குடியேறியவரின் உணவு நாட்டின் உணவாயிற்று. மலாயாவில் தமிழ் முஸ்லிம்கள் சீனரின் ‘மீ’யைத் தம் மசாலாவோடு சேர்த்து மீ கோரிங் விற்றனர், அங்கே குடியேறியவர் இன்னொரு குடியேறியவரின் பண்டத்தைத் தனதாக்கினார். சென்னையில் நிகழ்ந்தது இவ்விரண்டுக்கும் மாறானது. தம்மை ஏற்க மறுத்த நாட்டின் உணவை, வெளியேற்றப்பட்டவர்கள் தம்மோடு கொண்டுவந்து, அதையே தம் அடையாளமாகவும் பிழைப்பாகவும் கொண்டனர். பறிமுதல் செய்ய இயலாத உடைமை அது ஒன்றே.

பர்மாத் தமிழர் வரலாற்றில் செட்டியார்களின் பகுதி நன்கு பதிவாகியுள்ளது. கணக்கேடுகள் உள்ளன, 1929-30இன் வங்கி விசாரணைக் குழு அறிக்கை உள்ளது, காரைக்குடி வட்டாரத்து மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. மூட்டை சுமந்தவர்களும் சிறுகடை வைத்தவர்களும் அத்தகைய ஆவணம் எதையும் விட்டுச் செல்லவில்லை. அரசுக் கோப்புகளில் அவர்கள் குடும்ப அட்டை எண்களாகவும் கடன் தொகைகளாகவும் இருக்கிறார்கள். அவர்கள் பேசிய பர்மியச் சொற்களும், அவர்கள் பழகிய தெருக்களின் சுவையும், கைவிட்டுப் போனவற்றின் நினைவும் எஞ்சியிருக்கும் இடங்களுள் ஒன்று இந்த நடைபாதைக் கடை.

இன்று அத்தோ தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிடைக்கிறது. பர்மாவோடு தொடர்பே இல்லாதோரும் அதை விற்கிறார்கள். சட்டியில் வதக்கிய ‘ஃபிரை அத்தோ’வும் வந்துவிட்டது. இதில் வருந்த ஒன்றுமில்லை. ஓர் உணவு ஊர்ப்பொதுவாவதுதான் அதன் வெற்றி. ஆனால் 1964இல் இருபது வயதோடு கப்பலேறியவருக்கு இன்று எண்பது கடந்திருக்கும். பண்டம் தொடரும் என்பதில் ஐயமில்லை. அது எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வாய்மொழி வரலாற்றை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் மாணவர்கள் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் வழியில் இக்கடைகளின் முன்னும் சற்று நிற்க வேண்டும். செய்முறையைக் கேட்பதற்கு அவசரமில்லை. எந்த ஊரில் பிறந்தீர்கள், எந்தக் கப்பலில் வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்னும் கேள்விகளுக்கே இன்னும் சில ஆண்டுகள்தான் எஞ்சியுள்ளன.