856 டாக்கா

சங்கம் ஒன்றைப் பதிந்ததும் நம்மூரில் எழும் முதல் கேள்வி, "எந்த என்ஜீஓ காசு தரும்?" என்பதுதான். பங்களாதேஷில் ஒருவர் வேறு கேள்வியிலிருந்து தொடங்கினார்.

1976. சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜோப்ரா கிராமம். மூங்கில் முக்காலி செய்யும் பெண்ணொருத்திக்கு நாளைக்கு மிஞ்சியது அரை டாக்கா. மூங்கில் வாங்க 5 டாக்கா கடன் தந்த வியாபாரிக்கே, அவன் சொன்ன விலைக்கு விற்க வேண்டும். பொருளியல் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் தன் மாணவியை அனுப்பி, இப்படி யார் யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தார். 42 பேர். மொத்தம் 856 டாக்கா. தன் பையிலிருந்து கொடுத்தார், தர்மமாக அல்ல, கடனாக.

ஏழைக்குப் பிணை இல்லை என்று வங்கி மறுத்தபோது அவரே பிணை நின்றார். 1983இல் கிராமீன் தனி வங்கியானது. வெளிநாட்டு உதவியும் வாங்கினார்கள்தான்; 1995இல் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

வட்டி இருப்பதால் அதை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. நுண்கடன் நம் பெண்களைப் படுத்திய பாடும் தெரியும். நமக்குக் கர்ளு ஹஸன் இருக்கிறது. ஸகாத் நிதியில் தையல் மெஷின் கொடுக்கிறோம். துணியை யாரிடம் கடனுக்கு எடுக்கிறார்கள் என்று கேட்கிறோமா? அந்தப் பட்டியலை எடுக்க ஒரு வாரம் போதும். யார் வருகிறீர்கள்?