நெருப்பு முந்தியா, கேஸ் முந்தியா?



இந்த நோன்பில் ஒரு நாள் சஹர் நேரம். குசினியில் கேஸ் குக்கரின் குமிழைத் திருப்பினோம். 'டிக்' என்றது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினோம். பாங்கு சொல்ல நேரம் நெருங்குகிற அவசரத்தில் பத்துப் பன்னிரண்டு தரமாவது திருப்பியிருப்போம். அறைக்குள் இருந்து உம்மா சத்தம் போட்டார்: "முதல்ல கேஸ மூடுங்க. கதவத் தொறங்க. லைட் சுவிச்சில கை வெக்க வேணாம்."

மணம் முழுதாகப் போன பிறகு, உம்மா நெருப்புக்குச்சியை உரசி பர்னருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதன் பிறகுதான் குமிழைத் திறந்தார். நீல நெருப்பு சத்தமில்லாமல் வந்தது. நெருப்பு முந்தி, கேஸ் பிந்தி. அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

உரசினால் பற்றும் நெருப்புக்குச்சியை 1827 இல் இங்கிலாந்தின் ஸ்டொக்டன் நகர மருந்துக்கடைக்காரர் ஜோன் வோக்கர் விற்கத் தொடங்கினார். நமது நாட்டில் 1872 இல் கொழும்பில் எரிவாயுக் கம்பனி ஆரம்பித்தது. அது நிலக்கரியில் இருந்து எடுத்த வாயு. நிலாவெளிக் குசினிகளில் அதன் பிறகும் வெகுகாலம் விறகும் மண்ணெண்ணெயும்தான். விறகோ திரியோ பற்றாவிட்டால் ஆபத்து ஒன்றுமில்லை. இன்னொரு குச்சி வீண், அவ்வளவுதான்.

1880 இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற இரு சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்தார்கள். பின்னாளில் மேரி கியூரியை மணந்தவர் இந்தப் பியர்தான். கேஸ் குக்கரில் 'டிக்' என்று கேட்பது அந்தக் கண்டுபிடிப்பின் சத்தம். ஸ்பிரிங் பூட்டிய ஒரு சிறு சுத்தியல் பளிங்குத் துண்டை அடிக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து பொறியாகப் பாய்கிறது. பேட்டரியில் பொறி தரும் குக்கர்களும் உண்டு.

வசதிதான். ஆனால் வரிசை மாறிவிட்டது. குமிழைத் திருப்பியதும் கேஸ் வருகிறது. பொறி வந்தால் நெருப்பு, வராவிட்டால் வெறும் கேஸ். பியூட்டேன் காற்றை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு, புரொப்பேன் ஒன்றரை மடங்கு பாரம். அதனால் மேலே போகாமல் தரையில் படிந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் கலந்தாலே பற்றிவிடும். பன்னிரண்டாவது 'டிக்'கில் பொறி வந்திருந்தால்?

1937 மார்ச் 18 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பாடசாலைக்குக் கீழே கசிந்திருந்த மணமற்ற வாயுவை ஒரு மின்பொறி பற்றவைத்தது. ஏறக்குறைய 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்டார்கள். அதன் பிறகுதான் வாயுவில் மணம் சேர்ப்பது அங்கே சட்டமானது. பாடசாலையில் நிற்கும் எங்களுக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனது பதறும். நமது சிலிண்டரில் வரும் கெட்ட மணம் எதைல் மெர்கப்டன் என்ற பொருளின் மணம். நம்மை எச்சரிக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் கேஸ் வெடிப்புச் செய்திகள் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜனாதிபதி நியமித்த குழு, பியூட்டேன், புரொப்பேன் கலவை மாறியதையே பிரதான காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். அடுத்து 2022. ஏப்ரலில் நோன்பு வந்தபோது சிலிண்டருக்கு வரிசை. பல வீடுகளில் சஹருக்கு விறகடுப்பு. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த குக்கரின் பர்னர்க் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியதும், உப்புக்காற்றில் துரு ஏறியதும் கேஸ் மீண்டும் வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குக்கரிலும் பிழை பெரிதல்ல. முந்தின நாள் கஞ்சி பொங்கி வழிந்து பொறிமுனை நனைந்திருந்தது. உங்கள் வீட்டிலும் பற்றாவிட்டால், சிலிண்டரை மூடி, குக்கர் ஆறிய பிறகு பாருங்கள். பர்னர் மூடி சரியாகக் குந்தியிருக்கிறதா? துளைகள் அடைபட்டிருக்கின்றனவா? ஊசியால் மெதுவாக எடுக்கலாம். பொறிமுனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பேட்டரி வகை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ரெகுலேட்டர், குழாய் இரண்டையும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி எழும்பினால் கசிவு. அதற்கு மேல் நாமே கழற்றக் கூடாது, தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு தரம் பற்றாவிட்டால் மூடிவிடுங்கள். கதவைத் திறந்து, மணம் போகும் வரை பொறுத்திருங்கள். பிறகு நெருப்பு முந்தி, கேஸ் பிந்தி. எங்கள் உம்மா கியூரியைப் படித்தவர் அல்ல. ஆனாலும் அன்று எங்கள் குசினியில் சரியான பாடம் சொன்னவர் அவர்தான். தனியாகத் தேநீர் போடப் பழகும் உங்கள் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே இதைச் சொல்லிக் கொடுங்கள்.