மதகும் உடன்படிக்கையும்

பேணியிலடைத்த சால்மன் மீனை நம் நாட்டார் பலர் அறிவர். அம்மீன் உயிரோடிருந்த காலத்து மேற்கொண்ட நெடும்பயணத்தை அறிந்தோர் சிலரே. சிற்றோடையிற் பொரித்து, இளமையிற் கடல் புகுந்து, அங்கு வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் தான் பிறந்த ஓடையை நாடி நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவருவது அதன் இயல்பு. பசிபிக் சால்மன் இனங்களுட் பெரும்பாலானவை முட்டையிட்டபின் அங்கேயே மடிகின்றன. ஆதலின், ஓடையொன்று இடையில் அடைபடுமாயின், அதன் மேற்பாகத்தில் ஒரு சந்ததியே அற்றுப்போகும். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் அவ்வழியை மீட்டற்பொருட்டு நிகழ்ந்த முயற்சியின் வரலாற்றை இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

அவ்வரலாறு 1854ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அந்நாளில் அப்பிரதேசத்தின் தேசாதிபதியாயிருந்த ஐசக் ஸ்டீவன்ஸ், குடியேறுவோருக்கு நிலம் வேண்டி, பியூஜெற் குடாவைச் சூழ்ந்து வாழ்ந்த ஆதிக்குடிகளோடு உடன்படிக்கைகள் செய்யத் தலைப்பட்டார். முதலாவது உடன்படிக்கை 1854 டிசெம்பர் 26இல் மெடிசின் கிரீக் என்னுமிடத்திற் கைச்சாத்தாயிற்று. சில நூறு சொற்களே கொண்ட சினூக் என்னும் வணிகக் கலப்புமொழியிலேயே பேச்சு நடைபெற்றது. ஆதிக்குடிகள் பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்தனர். ஆயின், வழக்கமாக மீன்பிடித்துவந்த இடங்களிற் குடியேறினோரோடு பொதுவாக மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். அவர்கள் விட்டுக்கொடாதவற்றுள் தலையாயது இதுவே.

நூறாண்டு கழியுமுன்னரே அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிட்டது. மாநில அதிகாரிகள் தம் சட்டங்களைக் காட்டி ஆதிக்குடி மீனவரைக் கைதுசெய்தனர். நிஸ்குவாலிக் குடியினரான பில்லி பிராங்க் 1945இல், பதினான்கு வயதிலேயே, முதன்முறை கைதானார். தம் வாழ்நாளில் ஐம்பது தடவைக்கு மேற் கைதுசெய்யப்பட்டார். ஈற்றில், 1974இல், கூட்டாட்சி நீதிபதி ஜோர்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனிற் பாதிவரை ஆதிக்குடிகளுக்கு உரியதெனத் தீர்ப்பளித்தார். 1979இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. எனினும், ஒரு வினா எஞ்சிநின்றது. மீனே ஓடைக்கு வாராதாயின், பாதி என்பது எதன் பாதி?

இருபதாம் நூற்றாண்டிற் பெருந்தெருக்கள் பெருகின. தெரு ஓடையைக் கடக்குமிடந்தோறும் பாலங் கட்டுதல் செலவு மிக்கதாகலின், குழாய் பதித்து மேலே மண்ணிட்டு நிரப்பி மதகு அமைத்தனர். நீர் வடிவது மட்டுமே கருத்திற் கொள்ளப்பட்டது. ஓடையினும் ஒடுங்கிய குழாயில் நீர் விசைமிகுந்து பாய்ந்தது. அவ்விசை வெளிவாயின் அடிநிலத்தை அரிக்க, நாளடைவிற் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கலாயிற்று. நீர் குறைந்த காலத்தில் மீன் நீந்துதற்கேற்ற ஆழமும் உள்ளே இல்லாதொழிந்தது. வலிய மீன் சில பாய்ந்தேறினும், ஓடையில் மேலுங் கீழும் இடம்மாறி வாழுங் குஞ்சுகள் ஏறமாட்டா. தெருவிற் செல்வோர் கண்ணுக்கோ இவற்றுள் ஒன்றும் தோன்றுவதில்லை.

1997இல் மாநிலத்தின் மீன்வளத் திணைக்களமும் போக்குவரத்துத் திணைக்களமும் சட்டசபைக்கு ஓர் அறிக்கை அளித்தன. ஆராய்ந்த பெருந்தெருக்களில் திருத்தவேண்டிய 177 மதகுகளால் 249 மைல் ஓடை அடைபட்டுள்ளதென்றும், ஆண்டுதோறும் 200,000 முதிர்ந்த மீன்கள் உண்டாதற்கு அவ்விடம் போதுமென்றும் அது கணித்தது. மாநிலம் தன் குறையைத் தன் கையாலேயே எழுதிவைத்தது எனலாம். 2001இல் 21 ஆதிக்குடிகள், கூட்டாட்சி அரசும் உடன்நிற்க, நீதிமன்றத்தை நாடின. மீன்வரவைக் குறைக்கும் மதகுகளைக் கட்டிப் பேணுதல் உடன்படிக்கைக்கு மாறென 2007இல் நீதிபதி றிக்கார்டோ மார்ட்டினெஸ் தீர்ப்பளித்தார். பெருமளவு ஓடையை அடைத்துநின்ற மதகுகளைப் பதினேழு ஆண்டுகளுள் திருத்தி, 2030க்குள் அடைபட்ட வாழிடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திறக்குமாறு 2013இற் கட்டளை பிறந்தது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்றது. 2018 ஜூன் 11இல் உயர் நீதிமன்றம் நால்வர்க்கு நால்வராகப் பிரிந்தது. முன்னொருகால் இவ்வழக்கின் ஒரு கட்டத்திற் பங்குகொண்டமையால் நீதிபதி கெனடி விலகியிருந்தார். சமமாகப் பிரிந்தமையாற் கீழ்மன்றின் தீர்ப்பே நிலைபெற்றது.

ஈண்டு மாநிலம் எடுத்துரைத்த ஒரு மறுப்பு ஆராயத்தக்கது. ஒரே ஓடையில் அதன் மதகுக்கு மேலும் கீழும் நகரங்கள், உள்ளூராட்சிகள், தனியார் ஆகியோரின் தடைகளும் உள. அவை அவ்வாறேயிருக்கத் தன்னுடையதை மட்டும் திருத்தி ஆவதென்ன என்பதே அம்மறுப்பு. பிறர் குறை தன் கடமையை நீக்காதாகலின் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆயினும், அதனுள் ஓர் உண்மை உண்டு. கீழ்க்கோடியில் ஒரு வாயில் மூடியிருப்பின், மேலே ஒன்பது திறந்திருந்தும் பயனில்லை. ஓடைக்கு எல்லைக்கற்கள் தெரியா, உடைமையாளரோ பலர். இதனையுணர்ந்து, 2014இற் சட்டசபை மீன்தடை நீக்குஞ் சபையொன்றை நிறுவிற்று. மாநிலத் திணைக்களங்களோடு நகரங்கள், உள்ளூராட்சிகள், ஆதிக்குடிகள் ஆகியோரின் பிரதிநிதிகளும் அதில் ஒருங்கிருந்து, ஓடை முழுவதையும் ஓரலகாகக் கொண்டு தடைகளை நீக்கத் திட்டமிடுகின்றனர். வழக்கு கடமையை நிலைநாட்டியது. அக்கடமையை நீர்வழி நெடுகக் கொண்டுசெல்வது கூட்டுறவேயாம்.

இக்காலத் திருத்தமுறை, ஓடையின் அகலத்தினும் குறையாத பாலம் அல்லது அகன்ற மதகு அமைத்து, உள்ளே கல்லும் பரலும் பரப்பி, ஓடையின் இயல்பையே அங்கு மீண்டும் ஆக்குவதாகும். இதற்குப் பல நூறு கோடி டொலர் வேண்டும். முன்னோர் மிச்சம்பிடித்த சிறுதொகையைப் பின்னோர் வட்டியும் முதலுமாகச் செலுத்துகின்றனர்.

1854இற் கைச்சாத்திட்டோர் மதகென ஒன்று வருமென எண்ணியிருக்கமாட்டார். ஆயினும், கனியிற் பாதி தருவேனென வாக்களித்தவன் மரத்தின் வேரை அறுத்தல் தகாதென்பதை எவரும் உணர்வர். பில்லி பிராங்க் 2014இற் காலமானார். இறுதித் தீர்ப்பைக் காண அவர் இருந்திலர். அவர் காணாத அத்தீர்ப்பின் பயனாய், தெருக்களின் கீழே அடைபட்ட வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு வருகின்றன.