மருந்துச் செடியும் தேனீயும்: எழுதப்படாத உழைப்பு

யாழ்ப்பாண அரசுக் காலத்து வைத்திய நூல்கள் செகராசசேகரம், பரராசசேகரம் என மன்னர் பெயரால் வழங்குகின்றன. அம்மருத்துவ மரபிலே பல மருந்துகளுக்குத் தேனே அனுபானம். ஆயின் மூலிகை பறித்தோர்க்கும் தேனெடுத்தோர்க்கும் அந்நூற்பெயர்களில் இடமில்லை.

வன்னியில், அக்கராயன் போன்ற குளத்துக் கிராமங்களின் பற்றைகளை நாம் நோக்குதல் வேண்டும். தும்பைப்பூவின் கீழிதழ் தேனீ அமரும் திண்ணை. குழாயடியிலுள்ள மதுவை அது உறிஞ்சுகையில் மேலிதழின் மகரந்தம் உடலிற் படிகிறது. ஆவாரையோ மதுவற்றது, மகரந்தமே அது தரும் கூலி. நுனித்துளை வழியே அம்மகரந்தத்தை அதிர்த்து உதிர்ப்பது கருவண்டு. தேனீக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே, மருந்துப்பூ யாவும் தேனீக்கு உரியன எனக் கொள்ளல் பொருந்தாது.

பூவுக்கும் பூச்சிக்குமுள்ள இவ்வுறவை ஜெர்மானியரான ஸ்பிரெங்கல் 1793இல் நூலாக்கினார். எந்தப் பூ எப்போது மலரும், தேனடை எங்கே கட்டும் என அறிந்த காட்டு உழைப்பாளரின் அறிவு வாய்மொழியாகவே நின்றது.

தேனீயினின்று மனித உழைப்பைப் பிரிப்பது முன்கூட்டியே மனத்தில் அமையும் திட்டம் என மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' நூலிற் காட்டினார். தேனெடுத்தலும் அத்தகைய உழைப்பே. பற்றை அழியின் பூவும் தேனீயும் மட்டுமன்று, அவ்வுழைப்பின் வரலாறும் அழியும். அதனை எழுதுவது எமது கடன்.