ஓரணா ஆடு

தேயிலைத் தோட்டத்து வரலாறு எழுதினவர்கள் துரைமார் பங்களாவை எழுதினார்கள், ஏற்றுமதிக் கணக்கை எழுதினார்கள். நம்ம ஆட்களில் சிலர் கங்காணிக் கொடுமையை எழுதியிருக்கிறோம். லைன் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கிடந்த ஆட்டையும் கொடாப்புக்குள் அடைந்த கோழியையும் யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் சொத்து என்று இருந்தது அது ரெண்டும்தான்.

1931ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கசாதியார் சேரி மக்கள்மேல் பதினொரு தடைகள் போட்டார்கள். ஹட்டன் அதை எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகள் படிக்கக் கூடாது; சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும். இன்னொன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் மிராசுதாரின் மாடுகளை மேய்க்க மட்டுமே போக வேண்டும். எங்க அப்பாயி அதற்கு முன்பே அந்தப் பக்கத்தை விட்டு இலங்கைத் தோட்டத்துக்குப் போனவள். "ஊருல மேச்சதெல்லாம் அவனுக ஆடுடா. கண்டிச் சீமைக்குப் போயித்தான் எங்காடுன்னு ஒரு கயித்தப் புடிச்சேன்" என்பாள். கூலி பிடித்தம் போகக் கையில் வருவது அரிசிக்கே பத்தாது. நல்லது கெட்டதுக்குக் கை கொடுத்தது அந்த ஆடுதான்.

1948 சட்டம் வந்து குடியுரிமையைப் பிடுங்கினது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். கூட்டிப் பிரிக்கிற பட்டி ஆட்டைக்கூட ஒருதரம் முகம் பார்ப்பார்கள். 1973ல் நாங்கள் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறினோம். ஏறும்முன் ரெண்டு ஆட்டையும் ஏழு கோழியையும் பக்கத்து லயத்துக்கு வந்த விலைக்குக் கொடுத்தாச்சு. மண்டபம் முகாமில் அப்பாயி அழுதது ஆட்டை நினைத்துத்தான். அப்பா அதுக்குச் சத்தம் போட்டது ஞாபகம் இருக்கு.

தாயகம் திரும்பினவர்களுக்கென்று 1968ல் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் சேர்ந்தோம். அம்மா ஒரு அடைகோழியும் பத்து முட்டையும் கடன் வாங்கி மறுபடி ஆரம்பித்தாள். பொரித்தால் பாதிக் குஞ்சு அவர்களுக்கு. ஆடும் அப்படித்தான், வாரத்துக்கு வந்த பெட்டைக்குட்டி.

கோடை என்றால் கீழ்நாட்டில் வெயில். மலையில் அது மார்கழி, தை உறைபனியிலேயே துவங்கிவிடும். பனி விழுந்த புல் தீய்ந்து செம்பட்டையாகும். கோடைமழை விழும்வரை பச்சை கிடையாது. ஊட்டியில் சீசன், பூக்காட்சி. எங்கள் லைனில் ஊற்று வற்றி, ஒரு குடத்துக்கு அரைமணி. விடிய நாலரைக்கு எழுந்து நான் தண்ணிக்கு நிற்பேன். அதற்குள் தங்கச்சி கொடாப்பைத் தூக்கி, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து முட்டை இருக்கான்னு விரலால் பார்த்து, இருப்பதை உள்ளேயே அடைப்பாள். வெயில் காலத்தில் செள்ளு அப்பும். அடைக்கு உட்கார்ந்த கோழி அரிப்புத் தாங்காமல் முட்டையை விட்டு எழுந்துவிடும். அடுப்புச் சாம்பலை இறகுக்குள் தேய்த்து, கொடாப்புக்கு வேப்பந்தழை போடலாமென்றால் மலையில் வேம்பு ஏது? சந்தைக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவந்தால் உண்டு. பிரட்டுக்குச் சங்கு ஊதும் முன்னே ஆட்டுக்குத் தழை வெட்டியாக வேண்டும். உண்ணிச்செடி மட்டும் எப்போதும் பச்சையாக நிற்கும், அதைத் தின்றால் ஆட்டுக்கு ஆகாது. ஆகவே ஓடையோரம், ரோட்டோரம், கடைசியில் தேயிலை ஓரம்.

அங்கேதான் வந்தது வினை.

1871ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தை வளர்ந்தபிறகு படித்தேன். அதில் கால்நடை என்ற சொல்லுக்குள் யானையும் ஒட்டகமும் உண்டு, வெள்ளாடும் குட்டியும் உண்டு. பட்டியில் அடைத்தால் யானைக்கு ரெண்டு ரூபாய், எருமைக்கு எட்டணா, ஆட்டுக்கு ஓரணா என்று முதலில் அபராதம் எழுதியிருந்தார்கள். ஆட்டுக்குப் புல் எங்கே என்று சட்டத்துக்குக் கவலையில்லை. 1882ல் வந்த சென்னை வனச்சட்டம் ஒதுக்குக் காட்டில் மேய்ச்சலைக் குற்றமாக்கியது. காடு சர்க்காருக்கு, சரிவு தோட்டத்துக்கு. ஆட்டுக்கு மிஞ்சினது அதன் கழுத்துக் கயிற்றின் நீளம். கோழி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் லைனில் ஆடு குறைந்து கோழி பெருகினதுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1982 ஏப்ரலில் எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் போய்விட்டது. எங்கள் ஆடு தேயிலையைக் கடித்து நான் பார்த்ததில்லை. வரிசைக்கு நடுவில் கிடக்கும் களைப்புல்லுக்குத்தான் போகும். வாச்சர் பிடித்துக் கட்டிவைத்தார். அவரும் நம்ம ஆளுதான், அவருக்கும் வேலை போகும். அம்மாவுக்கு ஒருவாரக் கூலி அபராதம். "ஆடு மேய்க்க வந்தியா, கொழுந்து எடுக்க வந்தியா" என்று கேட்டார்களாம். மீட்டுக் கொண்டுவந்த மூணாம் நாள் ஆடு தீனி எடுக்கவில்லை, வாயெல்லாம் புண். அந்த வரிசைகளுக்கு முந்தினநாள் களைக்கொல்லி அடித்திருந்ததைப் பிறகுதான் மருந்தடிக்கிற ஆள் சொன்னார். சினையாடு. வயிற்றில் ரெண்டு குட்டி. பாதி வாரக்காரருக்குச் சேரவேண்டியது, அந்தக் கடனும் சேர்ந்தது.

அதே மாசம் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. டாக்டர்கள் இதை ராணிகேத் நோய் என்பார்கள். 1927ல் வடக்கே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குளிர்காய்ந்த அந்த மலையூரில் கண்டதால் அந்தப் பெயர். தடுப்பூசி உண்டு. இப்போது கோடைக்கு முன்னால் முகாம் போட்டுக் குத்துகிறார்கள். அன்றைக்கு எங்கள் லைனுக்கு யாரும் வந்ததில்லை. கழுத்தைத் திருகிக்கொண்டு பதினாலு கோழி ரெண்டே நாளில். சுருங்கினதை அறுத்துத் தின்று மீதியைக் குழிவெட்டிப் புதைத்தோம். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கட்டவேண்டிய பணம் அந்தக் கோழிகளின் மேல்தான் இருந்தது.

2011ல் நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கு அரசு நாலு ஆடு கொடுத்தபோது அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "மேக்கிறதுக்கு எடமும் குடுக்குறாங்களா?"

நான் பரீட்சை எழுதினேன். மே மாசம் மழை விழுந்து புல் துளிர்த்தபோது வீட்டில் மேய ஆடு இல்லை. அம்மா தன் தோட்டை அடகுக்குக் கொடுத்துவிட்டு வரும்போது முந்தானைக்குள் ஒரு அடைகோழியையும் கொண்டுவந்தாள்.